பி.ஏ.வும் பட்டறையும்

பி.ஏ. படித்தவன் என்ன வேலைக்குப் போவது என்ற கேள்விக்குத் தஞ்சை ஜில்லாவில் வெகுகாலம் பதில் தேவைப்படவில்லை. நெல் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. 1854இல் பள்ளிக்கூடமாக ஆரம்பித்த கும்பகோணம் கல்லூரி, தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ் என்று பெயர் வாங்கியதற்குப் பின்னால் குறுவையும் சம்பாவும் இருந்தன. தத்துவமும் சரித்திரமும் படிக்கப் பையனை அனுப்பிய குடும்பங்களில் பல, அவன் சம்பாதித்துத்தான் உலை வைக்கவேண்டும் என்ற நிலையில் இல்லை. கல்வி கல்விக்காகவே என்று நாம் பேசி வந்ததெல்லாம் இந்த நிலத்தின் மேல் நின்றுகொண்டு பேசியதுதான்.

மூத்த எழுத்தாளர்களைப் பார்க்கலாம். பிச்சமூர்த்தி தத்துவம் படித்தார், வக்கீலாக இருந்தார், பிறகு கோயில் நிர்வாக அதிகாரி. கு.ப.ரா.வுக்கு மேலூர் தாலுகா ஆபீஸில் வேலை. கண் கெட்டது, வேலை போயிற்று. எம்.வி. வெங்கட்ராம் பொருளாதாரம் படித்துவிட்டு ஜரிகை வியாபாரம் செய்தார். படிப்பிலிருந்து பிழைப்புக்கு நேரான பாதை இவர்கள் யாருக்கும் கிடைக்கவில்லை. இதை ஒரு மகிமையாக எழுதிவிடுவது சுலபம். 1944இல், 42 வயதில், கு.ப.ரா. இறந்ததில் மகிமை ஒன்றுமில்லை.

நானும் கும்பகோணத்தில் தத்துவம் படித்தவன்தான். பிறகு 31 வருஷம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் உரக்கணக்கு எழுதினேன். யூரியா மூட்டைக்கும் காண்ட்டுக்கும் சம்பந்தம் தேடிப் பார்த்து விட்டுவிட்டேன். அதில் எனக்குக் குறையில்லை. குறைப்படாமல் இருக்க முடிந்ததற்குக் காரணம் தத்துவம் அல்ல, வீட்டில் இருந்த ஒன்றரை வேலி நஞ்சை.

சுவாமிமலையில் என் பக்கத்து வீட்டுக்காரர் ஸ்தபதி. நிலம் கிடையாது. அவருடைய பையன் சரித்திரம் படிக்கவேண்டும் என்கிறான். "நீங்களும் பி.ஏ. படிச்சவங்கதானே சார், சொல்லுங்க. இவன் ஹிஸ்டரி படிச்சா என்ன வேலைக்குப் போவான்?" என்று சென்ற மாதம் கேட்டார்.

தென்னை ஓலையை மடித்து அளவு பிரிப்பது, மெழுகில் உருவம் பிடிப்பது, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகத்தை ஊற்றுவது - இதில் பாதி அவனுக்குக் கைவந்துவிட்டது. இப்போது எழுந்து போனால் மூன்று வருஷத்தில் கை தளர்ந்துவிடும். படிப்பு எதைக் கொடுக்கும் என்பதோடு எதை எடுத்துக்கொள்ளும் என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டியிருக்கிறது. இவரிடம் 'பரந்த அறிவு' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குரூப் 2 பரீட்சைக்கு ஏதாவதொரு பட்டம் இருந்தால் போதும் என்றேன். அதை லட்சக்கணக்கில் எழுதுகிறார்கள் என்பதையும் மறைக்கவில்லை.

பத்தூர் நடராஜரைப் பற்றியும் சொன்னேன். 1976இல் மண்ணிலிருந்து வெளிப்பட்டுக் கள்ளத்தனமாக லண்டன் வரை போன சிலை. அங்கேயே வழக்கு நடந்து, 1988இல் கோயில் தரப்புக்குத் தீர்ப்பாகி, 1991இல் திரும்பி வந்தது. அந்தக் கோர்ட்டில் சாட்சி சொன்ன நிபுணர்களில் ஒருவர் இரா. நாகசாமி, சம்ஸ்கிருதம் படித்துத் தொல்லியலுக்கு வந்தவர். அப்படி ஒரு நடராஜரை வார்க்க ஸ்தபதியால் முடியும். அது இன்ன ஊருடையது, இன்ன காலத்தது என்று அந்நியர் ஒப்பும்படி நிறுவ வேறு படிப்பு வேண்டும். ஆனால் ஒரு நாகசாமியைக் காட்டி ஆயிரம் பையன்களை வகுப்புக்கு அனுப்புவது யோக்கியமான காரியமல்ல. அதையும் சொன்னேன்.

பையனிடம், "சரித்திரம் படி, பட்டறையை விடாதே, லீவு நாளிலாவது மெழுகைத் தொடு" என்றேன். அவன் தலையாட்டினான். அப்பா ஆட்டவில்லை. மாதம் எவ்வளவு வரும் என்பதற்கு இதில் பதில் இல்லை என்று அவருக்குத் தெரியும். அவர் கேட்டது சரியான கேள்வி. இத்தனை காலம் நிலம் வைத்திருந்தவர்கள் கேட்காமல் தப்பித்துக்கொண்ட கேள்வி.