பன்னிரண்டாம் நம்பர்

அபிப்பிராயம் சொல்வதற்கு எனக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. வங்கியில் எனக்குள்ள வேலை கவுண்டரில் உட்கார்ந்து பணம் எண்ணுவது, நகைக் கடன் காகிதங்களை அடுக்குவது. இருந்தும் பன்னிரண்டு வருஷங்களாக அபிப்பிராயம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், பெரும்பாலும் கவிதைத் தொகுதிகளைப் பற்றி. அவற்றால் யாருக்கும் சேதம் விளைந்ததாகத் தெரியவில்லை. முந்நூறு பிரதி அச்சாகும் பத்திரிகையில் ஒருவனைக் கிழித்துப் போட்டாலும் அவன் மறுமாதம் அடுத்த தொகுதியோடு வந்து நிற்கிறான். நிஜமாகவே சேதம் விளைவித்த என் அபிப்பிராயம் ஒன்றே ஒன்று. அது கண்ணாடியைப் பற்றியது. இரவு பதினொன்றரை மணிக்குத் தொலைபேசியில், யோசிக்காமல், மிகுந்த நிச்சயத்தோடு சொன்னது.

அக்காவின் கணவர் துவாக்குடியில் வெல்டர். 'பெல்' பாய்லர் தொழிற்சாலையை நம்பித் திருச்சிக்குக் கிழக்கே முளைத்த பட்டறைகளில் ஒன்றில் இருபது வருஷத்துக்கு மேல் ட்யூப் பற்றவைத்தவர். நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ளே என்பார். 2021இல் ஒரு மழை நாள் இரவு அவருக்குக் 'கண் அடித்துவிட்டது'. வெல்டர் வீடுகளில் இதற்கு விளக்கம் தேவையில்லை. பகலில் ஒன்றும் தெரியாது. ஆறு, எட்டு மணி நேரம் கழித்து, சாப்பிட்டுப் படுத்த பிறகு, இமைக்குள் மணலை அள்ளிப் போட்டது போல ஆரம்பிக்கும். கண்ணைத் திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது. அக்கா உருளைக்கிழங்கை வில்லையாக நறுக்கிக் கண்மேல் வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். குடும்பத்தில் படித்தவன் நான்தான். பி.ஏ. ஆங்கில இலக்கியம்.

"காலையில டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. அப்புறம் இன்னும் கருப்பா ஒரு கண்ணாடி வாங்கிப் போடச் சொல்லு" என்றேன்.

டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார், இரண்டு நாளில் சரியாகிவிட்டது. என் யோசனைதான் நிலைத்துவிட்டது. அதுவரை பத்தாம் நம்பர் கண்ணாடி போட்டிருந்தவர் பன்னிரண்டுக்கு மாறினார். ஒரு நம்பர் ஏற்றினால் போதாது என்று இரண்டாக ஏற்றியது படித்தவன் சொன்னதற்குக் கொடுத்த மரியாதை.

2024இல் ஒரு நாள் அக்கா, மாமாவை ட்யூப் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றாள். இனி சப்போர்ட், பிராக்கெட் போன்ற கனமான இரும்பு வேலைதானாம். கூலியும் குறைவு. ட்யூப் இணைப்புகளை எக்ஸ்-ரே எடுப்பார்கள். அவருடைய இணைப்புகளில் ஸ்லாக் உள்ளே மாட்டிக்கொண்டிருப்பதாகவும், பக்கச்சுவர் சரியாக உருகிச் சேரவில்லை என்றும் படங்கள் திரும்பத் திரும்ப வந்தன. முன்பு மாதத்துக்கு ஒன்று திரும்பி வந்தாலே அவமானமாக நினைப்பவர். இப்போது வாரத்துக்கு இரண்டு, மூன்று. போய்ப் பார்த்தேன். திண்ணையில் உட்கார்ந்து வலது கையை விரித்து மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை போயிடுச்சு மாப்ளே. நாப்பத்தேழு ஆயிடுச்சுல்ல."

பேசிக்கொண்டே போனில் வந்த ஏதோ செய்தியை வாசித்தார். போனைக் கை எட்டும் தூரத்துக்கு நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்து. கையா போனது என்று அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

ஓர் இரண்டாம் சனிக்கிழமை அவரோடு பட்டறைக்குப் போனேன். ஷீல்டை நெற்றியில் தூக்கிவிட்டுக்கொண்டு இடத்தைப் பார்க்கிறார், ராடைக் கிட்டே கொண்டுபோகிறார், தலையை ஓர் ஆட்டு ஆட்டி ஷீல்டை இறக்குகிறார். அந்த அரை விநாடியில் ராடு நகர்ந்துவிடுகிறது. பற்றியது பள்ளத்தில் இல்லை, ஓரத்தில். மறுபடி தூக்கிப் பார்க்கிறார், அதே சமயம் பக்கத்துப் பையன் பற்றவைக்கிறான், வெளிச்சம் பக்கவாட்டில் கண்ணில் அடிக்கிறது. ஒரு ராடு தீர்வதற்குள் இது நாலு தடவை. அவருடைய ஷீல்டை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டேன். சர்வ இருட்டு. பையன் பற்றவைத்ததும் அதில் ஒரு பச்சை நட்சத்திரம். நட்சத்திரத்தைச் சுற்றி எதுவுமே இல்லை. இணைக்க வேண்டிய இரண்டு இரும்பும் அந்த உலகத்தில் கிடையாது. இந்த ஷீல்டோடுதான் மூன்று வருஷம் ஞாபகத்தை வைத்துப் பற்றவைத்திருக்கிறார்.

அதன் பிறகுதான் படித்தேன். முன்பே படித்திருக்கலாம். நம்பர் என்பது நாம் நினைப்பதுபோல் படிப்படியாக ஏறுகிற சாதுவான எண்ணல்ல. ஒவ்வொரு நம்பர் ஏறும்போதும் உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய 2.7 மடங்கு குறைகிறது. பத்தாம் நம்பர் சுமார் 7,000இல் ஒரு பங்கு வெளிச்சத்தை விடுகிறது, பன்னிரண்டு 50,000இல் ஒரு பங்கை. இரண்டு நம்பர் ஏற்றினால் ஏழில் ஒரு பங்குதான் மிச்சம். அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் அட்டவணைப்படி, மாமா பயன்படுத்தும் 3.15 மில்லி ராடுக்கும் 110 ஆம்பியருக்கும் எட்டுக்குக் கீழே போகக்கூடாது, வசதியானது பத்து. அதே 110 ஆம்பியரில் ஆர்கான் வாயுவை வைத்துச் செய்யும் 'டிக்' வேலை என்றால் பன்னிரண்டு வரை சொல்கிறது. அங்கே புகை கிடையாது, சுடர் நிர்வாணமாக நிற்கிறது. கேஸ் வெல்டிங்குக்கு ஐந்தே பெரும்பாலும் போதும். ஆக, பன்னிரண்டு தன்னளவில் தப்பான நம்பரல்ல, மாமாவின் வேலைக்குத் தப்பு. அட்டவணையைவிட அதன் அடிக்குறிப்புதான் என்னைச் சுட்டது. முதலில் எதுவுமே தெரியாத அளவு கருப்பான கண்ணாடியில் ஆரம்பி, உருகும் இடம் நன்றாகத் தெரியும்வரை ஒவ்வொரு நம்பராக இறங்கு, குறைந்தபட்ச எல்லையைத் தாண்டாதே என்கிறது அது. நான் நேர் எதிர்த்திசையில் ஏறச் சொல்லியிருந்தேன்.

இன்னொன்று. கண்ணை அடித்தது அந்தக் கண்ணாடி வழியாக வந்த வெளிச்சமே அல்ல. அடிப்பது புற ஊதாக் கதிர். தரமான வெல்டிங் கண்ணாடி பத்தாம் நம்பரானாலும் பன்னிரண்டானாலும் அதைத் தடுத்துவிடும். நம்பர் நம் கண்ணுக்குத் தெரிகிற பிரகாசத்துக்கு மட்டுமான கணக்கு. மாமாவுக்கு அன்று அடித்தது ஷீல்டைத் தூக்கியிருந்தபோது, பக்கத்துப் பையனிடமிருந்து. கருப்பை ஏற்றியதால் இடம் தெரியவில்லை. தெரியாததால் அடிக்கடி ஷீல்டைத் தூக்கினார், தூக்கத் தூக்க இன்னும் கண்ணை அடித்தது. என் யோசனை எந்த ஆபத்தைத் தடுக்கச் சொல்லப்பட்டதோ அதையே வளர்த்திருக்கிறது.

(கண்ணைக் காக்கும் கண்ணாடியின் சரித்திரத்தில் வில்லியம் க்ரூக்ஸ் என்ற ஆங்கிலேய ரசாயன அறிஞர் வருகிறார். உலைமுன் நிற்கும் கண்ணாடித் தொழிலாளிகளுக்குக் கண்புரை வருகிறதே என்று நூற்றுக்கணக்கான கலவைகளைச் சோதித்து 1914இல் அறிக்கை வெளியிட்டவர். இதே மனிதர் 1870களில் ஆவிகளை வரவழைக்கும் பெண்களையும் விஞ்ஞான சிரத்தையோடு பரிசோதித்து நம்பிக்கை தெரிவித்தார். எதைப் பார்க்கக்கூடாது என்பதில் அவருக்கிருந்த தெளிவு எதைப் பார்க்கிறோம் என்பதில் இல்லை. எனக்குப் பிடித்துப் போய்விட்டது அந்த ஆளை.)

இந்த இடத்தில் எனக்கு ஒரு சபலம் வந்ததை மறைக்க விரும்பவில்லை. 'இருண்மை' என்ற சொல்லை இத்தனை வருஷமாகப் பாராட்டாகவும் வசையாகவும் தாராளமாகச் செலவழித்திருக்கிறேன். இருட்டுக்கு நம்பர் இருக்கிறது, வேலைக்கு ஏற்ப அது மாற வேண்டும் என்று தெரிந்ததும் ஒரு கட்டுரை மனசுக்குள் தானாக எழுதிக்கொள்ள ஆரம்பித்தது. நிறுத்திவிட்டேன். மாமாவுக்கு வாரக் கூலியில் துண்டு விழுந்துகொண்டிருந்தபோது அது உவமையாக எனக்குப் பயன்படுவதில் ஏதோ அசிங்கம் இருந்தது.

பத்தாம் நம்பர் வாங்கினோம். இடம் தெரிந்தது, ஆனால் கலங்கலாக. முதலில் கண்ணாடிக்கு முன்னால் போடும் வெள்ளைக் கண்ணாடியை மாற்றினேன். தீப்பொறி தெறித்துத் தெறித்து அது அம்மை வார்த்த முகம் மாதிரி இருந்தது. ஒரு டீ வடை காசுதான் ஆகும், ஆனால் அதை மாற்றுவதில் எந்தப் பட்டறைக்கும் மனசு வராது. பாதிக் கலங்கல் அதிலேயே போய்விட்டது. மீதி வயசு.

பாலக்கரைப் பக்கத்துக் கடைக்காரர் ஷீல்டுக்குள் போடும் பெருக்கிக் கண்ணாடிகளைப் பரப்பினார். ஒன்று, ஒன்றரை, இரண்டு, இரண்டரை. இரண்டு போட்டால் இருமடங்கு பெரிதாகத் தெரியும், இரண்டரை அதைவிட என்றார். பெரிதாகத் தெரிவது நல்லதுதானே என்று இரண்டரையை வாங்கினோம் (மறுபடி என் அபிப்பிராயம்). ஒரு வாரத்தில் மாமாவுக்குத் தலைவலி. புகைக்குள் முகத்தை விட்டுக்கொண்டு வேலை செய்கிறாராம், தள்ளி நின்றால் தெரியவில்லையாம்.

எங்கள் கிளையில் நகை மதிப்பிட வரும் ஆசாரி ஒருவர் உண்டு. உரைகல்லில் தேய்த்துவிட்டுப் பத்து மடங்கு லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்து நகையை ஓர் அங்குலத்துக்குக் கொண்டுபோய் முத்திரை பார்ப்பார். அவரிடம் சொன்னேன். நிமிராமலே, "பெரிசாத் தெரிஞ்சு என்ன பண்றது சார். நான் நகையைக் கண்ணுகிட்ட கொண்டு வரலாம். அவரு நெருப்பைக் கொண்டு வர முடியுமா?" என்றார்.

விஷயம் அவ்வளவுதான். அந்த எண் மடங்குக் கணக்கல்ல, டயாப்டர். எண்ணை ஒன்றின் கீழ் போட்டால் மீட்டரில் தூரம் வரும். தூரப் பார்வையில் குறை இல்லாதவருக்கு இரண்டரை போட்டால் 40 சென்டிமீட்டருக்கு அப்பால் எல்லாம் கலங்கும். ஒன்றரை போட்டால் 67 வரை தெரியும். மறு சனிக்கிழமை தையல்காரர் டேப்பை எடுத்துப் போனேன். மாமாவை எப்போதும்போல் குந்த வைத்து, பற்றவைக்கும் வாகில் நிறுத்தி, கண்ணிலிருந்து ராடு நுனிக்கு அளந்தேன். 45. பட்டறையே வேடிக்கை பார்த்தது. கண்ணாடிக் கடையில் புத்தகம் படிக்கும் தூரத்துக்குத்தான் சோதிப்பார்கள். இந்த அளவைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போய்க் கேட்டதும் அந்தப் பெண் லென்ஸை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து ஒன்றரை போதும் என்றாள். மூக்குக் கண்ணாடியாகவே போட்டுவிடலாமே என்றும் சொன்னாள். மாமா மறுத்தார். கூச்சம் ஒரு காரணம் என்றாலும், அவர் சொன்ன காரணம் நியாயமானது. கீழ்ப்பாதியில் படிக்கும் பவர் வைத்த கண்ணாடி, தலைக்கு மேலுள்ள ட்யூபைப் பார்க்கும்போது எதற்கும் உதவாது. ஷீல்டுக்குள் போடும் பட்டை முழுக்க ஒரே பவர், எப்படி நிமிர்ந்தாலும் அதே பார்வை.

கருப்புக்கும் பவருக்கும் சம்பந்தம் உண்டு என்பதைக் கடைசியில்தான் புரிந்துகொண்டேன். இருட்டில் கண்பாவை விரிகிறது. விரிந்த பாவைக்கு ஒரு குறிப்பிட்ட தூரம் மட்டும் தெளியும், முன்னும் பின்னும் மங்கும். வெளிச்சத்தில் சுருங்கினால் தெளிவின் ஆழம் கூடும். ஆகவே கருப்பை முதலில் சரிசெய்ய வேண்டும், பிறகுதான் பவர். பன்னிரண்டாம் நம்பரை வைத்துக்கொண்டு பவரைத் தேடியிருந்தால் எதிலும் நின்றிருக்க மாட்டோம்.

பக்கத்துப் பையன் தன்னுடைய தானியங்கி ஷீல்டைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னான். பற்றாதபோது மூன்று, நாலு நம்பர் அளவுக்கே வெளுத்திருக்கும். பற்றிய கணத்தில், விநாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குள், கறுத்துவிடும். வெளுத்திருக்கும்போதும் புற ஊதாவை விடாது. குருட்டாம்போக்கில் ராடைத் தட்டுகிற கஷ்டம் அதில் கிடையாது. மாமாவுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நெருக்கமாக அடுக்கிய ட்யூபுகளுக்கு இடையில் தலையைக் கொடுத்தபோது ஒரு ட்யூப் அதன் உணரியை மறைத்துவிட்டது. பளீரென்றது. ஷீல்டைக் கழற்றிப் பையனிடம் கொடுத்துவிட்டார். பழைய கண்ணாடியே போதும், இருட்டு என்றால் இருட்டாகவாவது இருக்கும் என்றார்.

சூப்பர்வைசரிடம் கெஞ்சி மூன்று இணைப்புகள் சோதனைக்காகப் போட்டார். நான் இன்னொரு ஷீல்டில் பத்தாம் நம்பரை மாட்டிப் பக்கத்தில் நின்றேன். இந்த முறை நட்சத்திரம் இல்லை. உருகிய இரும்பு சிறு குளமாகத் தெரிந்தது. அதன் பின்விளிம்பில் ஸ்லாக் கறுப்பாகப் படர்ந்து குளத்தை எட்டப் பார்த்தது. ராடைச் சற்றுச் சாய்த்ததும் பின்வாங்கியது. இரண்டு பக்கச் சுவரிலும் நுனி ஒரு கணம் நின்று, சுவர் நனைந்த பிறகே நகர்ந்தது. அந்தக் கை எங்கும் போயிருக்கவில்லை.

படம் வந்தது. இரண்டு தேறின. மூன்றாவதில் காற்றுக் குமிழ். அது ராடு சரியாகக் காயாத குற்றம் என்றார் மாமா. 7018 ராடு ஈரம் தாங்காது என்பது உண்மைதான், நம்பினேன். சூப்பர்வைசர் "பாப்போம்" என்றார். அடுத்த வாரத்திலிருந்து பாதி நாள் ட்யூபும் பாதி நாள் பிராக்கெட்டும்.

அன்று இரவு சாப்பிடும்போது 2021இல் நான் போனில் சொன்னதை அவரிடம் சொல்லிவிட்டேன். அக்கா சொல்லியிருப்பாள் என்று நினைத்திருந்தேன், அவள் தன் யோசனையாகச் சொல்லியிருக்கிறாள். அக்கா ரசத்தை ஊற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. மாமா கொஞ்ச நேரம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"அடுத்த தடவை வர்றப்ப வெள்ளைக் கண்ணாடி ஒரு டஜன் வாங்கிட்டு வா மாப்ளே. அதுல நம்பர் கிடையாது."