திரைக்குப் பின்னால் ஒரு நாள்

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவின் பின்புறம் ஓர் ஆணி உண்டு. 2014ஆம் ஆண்டில் ஏறக்குறைய ஒன்பது மாதங்கள் என் தங்கையின் சலங்கை அந்த ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தாலும் மூடினாலும் அது மெல்ல ஒலிக்கும். மற்றவர்கள் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. நான் மட்டும் ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அப்போது நாங்கள் ஜபல்பூரில் இருந்தோம். அப்பாவுக்கு அங்கே பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. நான் பத்தாம் வகுப்பு. தங்கை ஏழாம் வகுப்பு. எங்கள் குடியிருப்பில் ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த அம்மையார் ஒருவர் தம் வீட்டிலேயே சிறுமியருக்குப் பரதநாட்டியம் கற்பித்தார். தங்கை ஆறு வயதில் அவரிடம் சேர்ந்தாள். தமிழ் எழுதப் பழகும் முன்பே அவள் ‘தையா தை’ சொல்லப் பழகிவிட்டாள் என்று பாட்டி வேடிக்கையாகக் கூறுவார்.

அந்த ஆண்டு சனவரியில் பள்ளி ஆண்டு விழா நடந்தது. தங்கை அலாரிப்பு ஆடினாள். பாதியில் வலக்கால் சலங்கையின் கயிறு அவிழ்ந்துவிட்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை. அடுத்த அடியில் அந்தக் கயிற்றையே மிதித்து, முழங்கால் தரையில் படும்படி விழுந்தாள். அரங்கில் சிரிப்பு எழுந்தது. நண்பர்களோடு அமர்ந்திருந்த நானும் சிரித்தேன். அதோடு நில்லாமல், அன்று மாலை வீட்டிற்கு வந்திருந்த விருந்தினர் முன் அவள் விழுந்த விதத்தை நடித்தும் காட்டினேன். அவள் அழவில்லை. பையிலிருந்த சலங்கையை எடுத்துச் சென்று அந்த ஆணியில் மாட்டினாள். மறுநாள் முதல் நடன வகுப்பிற்குப் போகவில்லை. அம்மா கேட்டுப் பார்த்தார். ஆசிரியையும் வீடு தேடி வந்து கேட்டார். “படிப்பு இருக்கிறது” என்பதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. ஏன் போகவில்லை என்று நான் மட்டும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை எனக்கு இல்லை.

அக்டோபர் முதல் நாள் நவராத்திரி விடுமுறையில் வந்தது. கூடத்தில் ஐந்து படிக் கொலு. புதிதாகப் பெற்ற இணைய இணைப்பின் வேகத்தைச் சோதிப்பதற்காக, கொலுவுக்கு எதிரே மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஏதாவதொரு நேரலையைத் தேடினேன். ‘உலக பாலே நாள்’ என்பது கண்ணில் பட்டது. பாலே ஐரோப்பிய நடனம், அதில் பெண்கள் கால்விரல் நுனியில் நின்று ஆடுவார்கள் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஐந்து பெரிய நடனக் குழுக்கள், தாங்கள் மேடையில் ஆடுவதையன்று, மேடை ஏறுவதற்கு முன் நாள் முழுவதும் செய்வதைக் காட்ட முன்வந்திருந்தன. அவ்வாறு ஐந்தும் சேர்ந்து செய்தது அதுவே முதன்முறை. லண்டனின் ராயல் பாலே மட்டும் 2012 மார்ச்சில் தன் ஒரு நாள் உழைப்பை இப்படி ஒளிபரப்பியிருந்தது. இப்போது மெல்போர்னில் தொடங்கி, மாஸ்கோ, லண்டன், டொராண்டோ, சான் பிரான்சிஸ்கோ என்று கதிரவன் செல்லும் திசையிலேயே நேரலை நகர்ந்தது. மொத்தம் ஏறத்தாழ 20 மணி நேரம். அக்டோபர் தொடக்கத்தில் லண்டனில் முற்பகல் பதினொன்று என்றால் நமக்குப் பிற்பகல் மூன்றரை. நான் திறந்தபோது லண்டன் குழுவின் காலைப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது.

பட்டாடையும் மணிமுடியும் அணிந்த அரசிளங்குமரிகளை எதிர்பார்த்த எனக்கு ஏமாற்றந்தான். சுவர் முழுவதும் கண்ணாடி பதித்த பெரிய கூடம். பழைய பனியன், கிழிந்த காலுறை, கம்பளிச் சட்டை என்று ஆளுக்கொரு கோலத்தில் ஆண்களும் பெண்களுமாகப் பலர் நின்றனர். இடுப்பளவு உயரத்தில் கட்டைகள் நீளவாக்கில் பொருத்தப்பட்டிருந்தன. எல்லாரும் ஒரு கையால் கட்டையைப் பற்றியபடி, பாதங்களைப் பக்கவாட்டில் திருப்பி, முழங்கால்களை மடக்கி, மீண்டும் நிமிர்ந்தனர். மடக்கினர், நிமிர்ந்தனர். அவ்வளவுதான்.

“இதுதான் அவர்கள் முதலில் கற்கும் பாடமா?” என்று பாட்டி கேட்டார். அவர் கொலுவுக்குப் பூத்தொடுத்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதற்பாடம்தான். அதை ‘பிளியே’ என்கிறார்கள். பிரெஞ்சு மொழியில் ‘மடக்கியது’ என்று பொருள். பாலே இத்தாலிய அரசவைகளில் தோன்றிப் பிரான்சில் வளர்ந்தது. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி 1661இல் நடனத்துக்கென்றே ஒரு கழகம் நிறுவினார். அதனால் பாலேயின் கலைச்சொற்கள் பிரெஞ்சிலேயே நிலைத்துவிட்டன. மெல்போர்னிலும் மாஸ்கோவிலும் அதே சொல்தான். எங்கள் குடியிருப்பில் வீட்டில் இந்தி பேசும் சிறுமியரும் ‘அரைமண்டி’ என்று தமிழில் சொல்வதில்லையா, அதைப் போல.

என்னை வியப்பில் ஆழ்த்தியது வேறொன்று. அங்கே நின்றவர்களுள் பலர் உலகப் புகழ் பெற்றவர்கள்; அவர்கள் பெயரைப் பார்த்தே மக்கள் நுழைவுச்சீட்டு வாங்குவார்கள். அவர்களும், குழுவில் அண்மையில் சேர்ந்த இளைஞர்களும் ஒரே கட்டையைப் பற்றிக்கொண்டு ஒரே முதற்பாடத்தைச் செய்தார்கள். அன்று மட்டுமன்று, வேலை நாள்தோறும் இவ்வாறே. முதலில் கட்டையருகே மெதுவான அசைவுகள், பின்னர் கட்டையை விட்டுக் கூடத்தின் நடுவில் நின்று செய்பவை, அதன்பின் சுழற்சிகள், சிறு தாவல்கள், கடைசியில் கூடத்தின் குறுக்கே பாயும் பெருந்தாவல்கள். ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் இது நடக்கிறது. இதன் பிறகுதான் அன்றைய ஒத்திகையே தொடங்குகிறது.

மூலையில் ஒருவர் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது. ஒலிப்பதிவைப் போட்டுவிட்டுப் போகும் வழக்கம் அங்கே இல்லை. ஆசிரியர் அடுத்த பயிற்சியைச் சில சொற்களாலும் கையசைவாலும் குறிப்பிடுவார். தம் கைகளையே கால்களாக்கி விரைவாகக் காட்டிவிடுவார். நடனக் கலைஞர்களும் விரல்களால் அதைத் திருப்பிச் செய்து மனத்தில் வாங்கிக்கொள்வர். அதற்குள் பியானோக்காரர் அதற்கேற்ற காலத்தையும் பண்பையும் தேர்ந்துவிடுவார். நம் ஆசிரியை தட்டுக்கழியைக் கட்டையில் தட்டிச் சொற்கட்டு சொல்வதைப் போன்ற பணிதான் அது.

இணைப்பு அவ்வப்போது திணறியது. திரையின் நடுவில் ஒரு வட்டம் தோன்றிச் சுற்றிக்கொண்டே இருக்கும். “இதுவும் அவர்கள் ஆட்டத்தில் சேர்த்தியா?” என்று பாட்டி கேட்டார்.

தங்கை எப்போது வந்தாள் என்று எனக்குத் தெரியாது. கொலுவுக்குச் சுண்டல் எடுத்து வந்தவள், கிண்ணத்தைக் கையில் வைத்தபடியே கதவருகில் நின்றிருக்கிறாள். திரையில் சுழற்சிப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஒரு பெண் ஒற்றைக் காலில் நின்று இருமுறை சுழன்றார். மூன்றாவது சுழற்சியில் உடல் சாய, தூக்கிய கால் தடாலென்று தரையில் இறங்கியது. நான் என்னையறியாமல் தங்கையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. யாரும் இரக்கப்படவும் இல்லை. இதையும் சொல்ல வேண்டும். அந்தப் பெண் தாமே ஒரு புன்னகையோடு தலையை அசைத்துக்கொண்டு பின்வரிசைக்குச் சென்றார். அங்கே நின்று, மற்றவர்கள் ஆடும்போதே அந்தத் தொடக்க நிலையை இரண்டு மூன்று முறை செய்து பார்த்தார். ஆசிரியர் அருகே சென்று, அவருடைய தோளைச் சிறிது கீழே அழுத்திவிட்டு நகர்ந்தார். அடுத்த சுற்றில் அவர் மீண்டும் முன்னால் வந்தார். இம்முறை சரியாக முடிந்ததா என்று எங்களால் பார்க்க இயலவில்லை. வட்டம் மீண்டும் சுற்றத் தொடங்கிவிட்டது.

“போ!” என்றாள் தங்கை, கணினியிடம். அந்த ஒன்பது மாதங்களில் நடனத்தைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதற்சொல் அதுதான் என்று நினைக்கிறேன்.

படம் திரும்பியபோது பயிற்சி முடிந்திருந்தது. தங்கை சுண்டலை வைத்துவிட்டுப் பாட்டியின் அருகில் அமர்ந்தாள். அதன்பின் ஒத்திகைகள். இரண்டே அடிகளை ஒருவர் பத்து முறை திரும்பச் செய்தார். கதை சோகமானது போலும். ஆடியவர் கண்ணில் அவ்வளவு துயரம். ஆசிரியர் நிறுத்தச் சொன்னதும் அதே கண்ணில் சிரிப்பு. ஓய்வில் இருந்தவர்கள் தரையில் கால் நீட்டி அமர்ந்து ஊசியும் நூலுமாகத் தைத்துக்கொண்டிருந்தனர். விரல் நுனியில் நிற்பதற்கான அந்தக் காலணியின் முனைக்குள் மரமோ இரும்போ இல்லை. துணியும் தாளும் பசையிட்டு அடுக்கடுக்காக ஒட்டி உலர்த்தப்பட்டு, மேலே பளபளக்கும் துணி போர்த்தப்படுகிறது. கட்டும் நாடாவை ஒவ்வொருவரும் தம் கால் அளவுக்கு ஏற்பத் தாமே தைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவு பாடுபட்டுத் தைத்த காலணி சிலருக்கு ஒரே நிகழ்ச்சியில் துவண்டுவிடும். பிறகு புதியது, மீண்டும் ஊசி நூல்.

தங்கை அதை உற்றுப் பார்த்தாள். “நாடாவின் முனையை உள்ளே செருகித் தைத்துவிடுகிறார்கள். அவிழாது” என்றாள். அது யாரிடம் சொன்னதென்று தெரியவில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது.

பிறகு அவள் பாட்டியிடம், “அவர்கள் எல்லாரும் மேலே போகவே பார்க்கிறார்கள், பாட்டி. நாம் தரையைத் தட்டுகிறோம். ஆனால் கால் திரும்பியிருப்பது மட்டும் ஒன்றுபோலவே இருக்கிறது” என்றாள்.

பாட்டி இளமையில் சென்னை அடையாற்றில் வாழ்ந்தவர். அந்தப் பேச்சுக்காகவே காத்திருந்தவர் போலப் பூவைக் கீழே வைத்தார். ருக்மிணி தேவி அருண்டேல் முதலில் கற்றது பரதம் அன்று, பாலே என்ற செய்தியை அன்றுதான் நாங்கள் அறிந்தோம். ரசிய நடனமணி அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தில் ருக்மிணி தேவி உள்ளம் பறிகொடுத்தார். பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றார். உன் நாட்டின் நடனத்தையும் தேடிப் பார் என்று அவரைத் திருப்பிவிட்டவரும் பாவ்லோவாதான். பின்னர் அவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று, 1935இல் அடையாற்றில் மேடையேறினார். 1936இல் கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கினார். அந்த நடனத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த தேவதாசி மரபினரையும் பாட்டி மறவாமல் குறிப்பிட்டார். “அவர்கள் காத்திராவிட்டால் இவர் கற்பதற்கு ஏது?” என்றார்.

“பாவ்லோவாவைப் பார்த்தபோது ருக்மிணி தேவிக்கு என்ன வயது?” என்று தங்கை கேட்டாள்.

“இருபதைத் தாண்டியவர். அந்த வயதில் போய் முதலிலிருந்து தொடங்கினார்.”

தங்கை அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. லண்டன் முடிந்து டொராண்டோ தொடங்கும்போது அம்மா விளக்கேற்ற அழைத்தார். கணினியை மூடினேன். அன்றே அவளிடம் பேசியிருக்கலாம். இரவு முழுவதும் சொற்களைக் கோத்துப் பார்த்தேன். காலையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

மறுநாள் சரசுவதி பூசை. அம்மா எங்கள் பாடநூல்களைக் கொலுவின் முன் அடுக்கிவைத்தார். என்னுடைய கணக்கு நூலை அடியில் வைக்குமாறு நான் வேண்டிக்கொண்டேன். அதைச் சில நாட்கள் பார்க்காமலிருந்தால் நல்லது. சற்று நேரத்தில் சமையலறைப் பக்கம் சலங்கை ஒலித்தது. கதவு அசைந்த ஒலி அன்று அது. தங்கை சலங்கையைக் கொண்டுவந்து நூல்களின்மீது வைத்தாள். பழைய கயிற்றை உருவிவிட்டுப் புதிய பருத்திக் கயிறு கோத்திருந்தாள். முனைகள் இறுக மடித்துத் தைக்கப்பட்டிருந்தன. அம்மா குங்குமச் சிமிழைக் கையில் வைத்தபடி ஒரு கணம் நின்றார். பிறகு சலங்கைக்கும் பொட்டு வைத்தார்.

விசயதசமியன்று பூசையில் வைத்ததை எடுத்துச் சிறிது நேரமாவது பயில வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். நான் கணக்கு நூலைப் பிரித்து ஒரு பக்கம் பார்த்தேன். பின்முற்றத்தில் தங்கை அரைமண்டியில் அமர்ந்திருந்தாள். ஒன்பது மாத இடைவெளிக்குப் பின் தொடை நடுங்கியது. நான் வந்ததைக் கண்டும் அவள் எழவில்லை.

“அன்றைக்கு நான் சிரித்திருக்கக் கூடாது” என்றேன். எத்தனையோ சொற்களைக் கோத்து வைத்திருந்தேன், வந்தது இவ்வளவே.

“தெரியும், அண்ணா.” சிறிது நேரம் பேசாமலிருந்தாள். “நடித்துக் காட்டியதுதான்...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். பின்பு, “சொற்கட்டு சொல்ல ஆள் வேண்டும். சொல்கிறாயா?” என்றாள்.

எங்களிடம் தட்டுக்கழி இல்லை. சப்பாத்திக் கட்டையையும் அம்மா அமரும் மணையையும் எடுத்து வந்தேன். ‘தையா தை, தையா தை’ என்று தட்டத் தொடங்கினேன். முதற்காலம் ஒருவாறு சென்றது. இரண்டாம் காலத்தில் என் வாய் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமுமாக ஓடின. அவள் கால்கள் சரியாகவே விழுந்தன, நான்தான் தடுமாறினேன்.

தங்கை நின்றாள். இடுப்பில் வைத்த கையை எடுக்காமலே என்னைப் பார்த்தாள்.

“முதலிலிருந்து, அண்ணா” என்றாள். நான் கட்டையை மீண்டும் எடுத்தேன்.