பதில் எழுதாத பக்கங்கள்

நாட்குறிப்பு என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதிவைத்தவர். அது உலகைப் பார்த்து எழுதப்பட்ட நாட்குறிப்பு. அதற்கு எதிர்த்திசையில் எழுதப்படும் ஒரு நாட்குறிப்பு வகை தென்மாவட்டக் கிறிஸ்தவ வீடுகளில் உண்டு. அது அச்சேறுவதில்லை. எழுதியவர் மறைந்தபின் பெட்டியின் அடியில் பூச்சியரிக்கக் கிடக்கும், அல்லது பழைய தாள் விலைக்குப் போகும். இலக்கிய வரலாறுகளில் அதற்கு இடமில்லை. ஜெபக் குறிப்பேடு என்பது அதன் பெயர். எங்கள் வீட்டுப் பேச்சில் வெறும் 'ஜெப நோட்டு'.

தாயில்பட்டியில் எங்கள் வீட்டில் அப்படி 31 நோட்டுகள் இருக்கின்றன. எல்லாம் அம்மா எழுதியவை. அம்மா எட்டாம் வகுப்புவரை படித்தவர். இளமையில் வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டிக்குக் கட்டை அடுக்கியவர். பின்னர் பட்டாசு வேலைக்குப் போனவர். நோட்டுக்காக அவர் அலைய நேர்ந்ததில்லை. சிவகாசி அச்சகங்களில் நாட்காட்டியும் டைரியும் மலைபோல அச்சாகும் பகுதி இது. தை பிறந்துவிட்டால் விலைபோகாத டைரிகள் யாராவது ஒருவர் கையில் வந்துசேரும். அச்சிட்ட தேதிகளை அம்மா பொருட்படுத்துவதில்லை. தமக்குரிய தேதியைத் தாமே மேலே எழுதிக்கொள்வார்.

ஆலை வண்டி ஏழு மணிக்கு வரும். அதற்குள் சமையல் முடிய வேண்டும். ஆகவே நான்கரை மணிக்கு எழுந்து, விளக்கைப் போட்டு, வேதத்தில் ஓர் அதிகாரம் வாசித்து, அதன் எண்ணை முதல் வரியில் குறிப்பார். பிறகு பக்கத்தின் நடுவே அடிக்கோல் இல்லாமல் ஒரு கோடு. கோட்டுக்கு இடப்புறம் விண்ணப்பம், வலப்புறம் பதில். விண்ணப்பம் அன்றே எழுதப்படும். பதில் வரும்போது, வந்த தேதியோடு எழுதப்படும். சில பதில்கள் மறுநாளே வந்திருக்கின்றன. சிலவற்றுக்கு ஏழெட்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அப்போது பழைய நோட்டைத் தேடியெடுத்து, வேறு நிற மையில் அந்த இடத்தை நிரப்பியிருக்கிறார்.

விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஒருவரி. வரன், பிரசவம், வட்டிக்கடன், குடிக்கிற கணவன், பத்தாம் வகுப்புத் தேர்வு. ஒரு பக்கத்தில் மேல்வரியில் 'மழை வேண்டாம், களத்தில் சரக்கு காய்கிறது' என்றும் அதற்கு அடுத்த வரியிலேயே 'மழை வேண்டும், மேலத்தெரு அண்ணன் பருத்தி வாடுகிறது' என்றும் இருக்கிறது. மானாவாரிக் கரிசலும் பட்டாசும் ஒரே ஊரில் இருந்தால் வானத்தை நோக்கிப் போகும் விண்ணப்பங்கள் இப்படித்தான் ஒன்றோடொன்று மோதும். அம்மா அவற்றை இணக்கப்படுத்த முயலவில்லை. இரண்டையும் எழுதி, தீர்ப்பை உரியவரிடம் விட்டுவிட்டார்.

கேட்பதற்கு முன்பே நம் தேவையை அறிகிறவர் கடவுள் என்று மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரம் சொல்கிறது. அப்படியானால் எழுதுவது எதற்கு? இந்தக் கேள்வியை எங்கள் வீட்டு இளைஞர்கள் ஒவ்வொருவரும் ஒரு வயதில் கேட்டிருக்கிறோம். வேதத்திலேயே இதற்கு ஒரு முன்காட்சி உண்டு. அசீரிய அரசன் மிரட்டி அனுப்பிய கடிதத்தை எசேக்கியா அரசன் ஆலயத்துக்கு எடுத்துச் சென்று கடவுளின் முன் விரித்துவைக்கிறான். கடவுளுக்கு வாசிக்கத் தெரியாதென்று அல்ல. தன் கையில் கனத்துக்கொண்டிருந்ததை இறக்கிவைக்க அவனுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

விண்ணப்பத்தையும் பதிலையும் எழுதிவைக்கும் முறைக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும் புகழ் தேடித்தந்தவர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர். மனிதரிடம் பணம் கேட்பதில்லை, கடவுளிடம் மட்டுமே கேட்பது என்று அவர் உறுதி கொண்டிருந்தார். தம் அனுபவங்களைத் தொகுத்து 1837இல் முதற்பகுதியை வெளியிட்டார். அவருடைய மைத்துனர் அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ் 1833இல் இந்தியா வந்தார். பாளையங்கோட்டையில் ரேனியஸிடம் பயின்ற ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் என்ற தமிழ் இளைஞர் குரோவ்ஸின் கொள்கையால் ஈர்க்கப்பட்டு, எந்த மிஷனிடமும் சம்பளம் பெறாமல் ஊழியம் செய்யத் துணிந்தார். அவர் அமைத்த குடியிருப்பு வத்திராயிருப்புக்கு அருகே இன்றும் கிறிஸ்டியான்பேட்டை என்ற பெயரோடு இருக்கிறது. எங்கள் விருதுநகர் மாவட்டத்து ஊர்தான். அருளப்பன் நாட்குறிப்பு எழுதினார். அவர் மறைந்தது 1867இல். ஜி. எச். லாங் என்பவர் அந்த நாட்குறிப்புகளை ஆதாரமாகக் கொண்டு 1939இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார்.

மிஷனரிகளும் உபதேசியார்களும் சங்கத்துக்கு எழுதியனுப்பிய நாளேடுகள் வேறு வகை. சிவகாசியைச் சுற்றிக் கூடாரத்தோடு அலைந்து 1858இல் அங்கேயே மறைந்த ராக்லண்டின் காலத்தில் அத்தகைய அறிக்கைகள் ஏராளம். அறிக்கை மேலிடத்துக்குப் போவது. ஆகவே அது நடந்ததைச் சொல்லும், எண்ணிக்கை தரும். ஜெப நோட்டு நடக்காததைச் சொல்லும். முல்லரையும் அருளப்பனையும் வாசிக்கும்போது, இவர்கள் தங்கள் வெறுங்கையை எழுத்தில் மறைக்கவில்லை என்பதே எங்களுக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

ஆனாலும் முல்லரின் வழியில் நம் ஊருக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. பணத்துக்காகச் செய்யும் ஜெபத்துக்குப் பதில் வருவது கண்ணுக்குத் தெரியும், தேதி போடலாம். பாதுகாப்புக்காகச் செய்யும் ஜெபத்துக்கு என்ன தேதி போடுவது? மாலையில் ஆலை வண்டி திரும்பி வந்தால் அன்றைக்குப் பதில் கிடைத்தது என்று பொருள். மறுநாள் காலை அதே விண்ணப்பத்தைத் திரும்ப எழுத வேண்டும். அம்மாவின் நோட்டுகளில் நாள்தோறும் தவறாமல் வருவது இந்தப் பட்டியல்தான்: தெருவிலிருந்து வேலைக்குப் போகிறவர்களின் பெயர்கள். கிறிஸ்தவர், இந்து என்ற பிரிவு அதில் இல்லை. வண்டியில் ஏறுகிறவர் எல்லாருடைய பெயரும் உண்டு.

2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12ஆம் நாள் அச்சன்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். செய்தித்தாள் எண்ணிக்கையாகச் சொல்வதை எங்கள் பகுதியில் பெயராகவே கேட்கிறோம். நாளேட்டில் சிறு செய்தியாகக்கூட நிலைக்காத விபத்துகளும் உண்டு. அப்படி ஒன்றில் எங்கள் தெருப் பெண் ஒருவர் இறந்தார். அன்று காலை எழுதிய பட்டியலில் அவர் பெயர் நான்காவதாக இருக்கிறது.

அந்தப் பக்கத்தின் வலப்புறம் வெறுமையாக இருக்கிறது. எதையும் எழுதிவிட்டு எப்படியாவது சரிக்கட்டும் வழக்கம் நம் பக்திப் பேச்சில் உண்டு: சித்தம், இளைப்பாறுதல், நாம் அறியாத நோக்கம். எங்களில் இளையவன் வேறு விதமாகக் கேட்டான். "பதில் கெடைக்கலன்னு எழுதிற வேண்டியதுதானம்மா? அதுதான உண்மை?" அம்மா அவனைக் கடிந்துகொள்ளவில்லை. "என்னத்தடா எழுதச் சொல்ற? அவரும் இன்னும் ஒண்ணும் சொல்லலையே" என்றார். வெறும் பக்கத்தை அவர் மறுப்பாகவும் எண்ணவில்லை, ஆறுதலாகவும் எண்ணவில்லை. பேச்சு இன்னும் முடியவில்லை என்று எண்ணினார்.

அடுத்த நாள் என்ன எழுதினார் என்பதே இந்த 31 நோட்டுகளில் எங்களை மிகவும் ஈர்ப்பது. இறந்தவருக்காக ஜெபிக்கும் வழக்கம் புரொட்டஸ்டன்ட் சபைகளில் இல்லை. ஆகவே அந்தப் பெயரை இனிப் பட்டியலில் எழுத முடியாது. எழுதாமல் விட அம்மாவுக்கு மனம் வரவில்லை. மறுநாள் காலைப் பட்டியலில் நான்காவது இடத்தில், அதே பெயர், பின்னால் ஒரு சொல் கூடி நிற்கிறது: 'இன்னாருடைய மகள்'. மகளுக்கு அப்போது ஆறு வயது. அவளுக்கும் ஒரு பெயர் உண்டு. அது அம்மாவுக்குத் தெரியாததன்று. ஆனாலும் பதினொரு ஆண்டுகள், அம்மா கடைசியாக எழுதிய நாள்வரை, அந்தப் பெண் 'இன்னாருடைய மகள்' என்றே நோட்டில் இருக்கிறாள்.

தமிழாசிரியர்களாகிய நாங்கள் ஆறாம் வேற்றுமை கிழமைப் பொருளில் வரும் என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொல்கிறோம். உரியவர் இல்லாமற்போன பிறகும் உரிமை இருக்கும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு எங்களுக்குக் கிடைத்ததில்லை. அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. புறத்தில் பெயர் வரும். இறந்த வீரனுக்கு நடும் கல்லிலும் பெயர் வரும். ஜெப நோட்டோ ஒருவர் தனியே இருந்து உள்ளத்துக்குள் பேசும் பேச்சு, அவ்வகையில் அகம். ஆனால் அது முழுவதும் பெயர்களால் ஆனது. பெயர் இல்லாவிட்டால் அங்கே பேச ஒன்றுமே இல்லை.

இப்போது கட்டம் போட்டு அச்சிட்ட ஜெபக் குறிப்பேடுகள் கடைகளில் கிடைக்கின்றன. நன்றிக்கு ஒரு கட்டம், விண்ணப்பத்துக்கு ஒன்று, சாட்சிக்கு ஒன்று. தொடங்குகிறவர்களுக்கு அவை உதவும். ஒரே குறை: நிரம்பாத கட்டம் நம்மைக் குற்றஞ்சாட்டுவதுபோல் பார்க்கும். நோட்டைப் பதில்களின் கணக்காக மட்டும் வைத்துக்கொண்டால், முதல் பெரிய துயரத்திலேயே அதை மூடிவைத்துவிட நேரும். அம்மா மூடிவைக்கவில்லை. அவர் விடாமல் காத்தது கணக்கை அன்று. எந்தப் பெயரும் விட்டுப்போகக் கூடாது என்பதை.

32ஆவது நோட்டை நாங்கள் முறைவைத்து எழுதுகிறோம். 2018இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடைசெய்த பிறகு 'பாதுகாப்பு' என்ற வரிக்குக் கீழே 'வேலை' என்ற வரி தவறாமல் வருகிறது. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பது எங்கள் ஊரின் நிலை: ஆலை திறக்கவும் வேண்டும், போனவர் திரும்பவும் வேண்டும். பட்டியலில் நான்காவது இடத்தில் இருப்பவள் இப்போது சாத்தூருக்குப் பேருந்தில் போய்ச் செவிலியர் படிப்புப் படிக்கிறாள். அவள் பெயரை அவள் பெயராலேயே எழுதலாமா என்று இந்த ஜனவரியில் எங்களுக்குள் பேச்சு வந்தது. அவளிடமே கேட்டோம். அம்மா பெயரும் இருக்கட்டும், தன் பெயரையும் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.