அழித்து எழுதிய அளவு

பாம்பனில் விசைப்படகு கரைக்கு வந்ததும் அம்மா சங்காயக் குவியல் முன்னால் உட்கார்ந்துவிடும். மணிக்கணக்காய்க் கழித்தால் நல்ல நண்டு நாலைந்து தேறும்.

ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தைப் பற்றிப் படித்தபோது அம்மா கைதான் ஞாபகம் வந்தது. 27 கிலோமீட்டர் வளையத்தில் புரோட்டான் கொத்துகள் வினாடிக்கு 4 கோடி தடவை எதிரெதிரே சந்திக்கின்றன. அநேகமாய் எல்லாமே கழிவு! பி.எஸ். மேசான் என்ற கனத்த துகள் இரண்டு மியூவான்களாகச் சிதைவது நூறு கோடியில் மூன்று தடவை போலத்தான். தெரியாத புதுத் துகள் எதுவும் ஒளிந்திருந்தால் இந்த எண் மாறிக் காட்டிக் கொடுக்குமாம்.

கோட்பாட்டுக் கணக்கு சொன்னது சுமார் 3.7. சி.எம்.எஸ்., எல்.எச்.சி.பி. குழுக்கள் சேர்ந்து 2015-ல் அச்சிட்டது 2.8, பிழையளவோடு. கூடுதல் தரவோடு சி.எம்.எஸ். (நம்ம சென்னை ஐ.ஐ.டி.யும் இதில் உண்டு) 2022-ல் அளந்தபோது 3.8.

படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. முதலாண்டு லேபில் தனி ஊசலில் புவியீர்ப்பு முடுக்கம் எனக்கு 9.4 வந்தது. அதை ரப்பரால் அழித்து 9.8 என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். வீட்டிலேயே முதலில் படிக்க வந்தவன். மார்க் போய்விடுமோ என்ற பயம். அம்மாவிடம் சொன்னேன். "நண்டு நாலு கெடந்தா நாலுன்னு சொல்லணும்டா" என்றது.

போன மாதம் அனுமதி கேட்டு ஊசலைத் திரும்பக் கட்டினேன். மறுபடியும் 9.4! அப்புறம்தான் தெரிந்தது, நீளத்தைக் குண்டின் நடுவரை அளக்காமல் கொக்கியோடு நிறுத்தியிருக்கிறேன்.