பங்க் பாட்டும் எங்க சொல்லும்

ஆங்கிலத்தில் ‘பரையா’ என்று ஒரு சொல் இருக்கிறது. சமூகம் ஒதுக்கித் தள்ளிய ஆள் என்று அகராதி பொருள் சொல்லும். எங்க சாதிப் பேர்தான் கப்பலேறிப் போய் அப்படி ஆகியிருக்கிறது. லண்டனில் ஈஸ்ட் ஹாம் பகுதியில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நாட்களில், பழைய சாமான் கடையில் கிடைத்த இசைப் பத்திரிகை ஒன்றில் பங்க் பாட்டுக்காரர்களைப் பற்றிப் படித்தேன். தங்களை ‘பரையா’ என்று சொல்லிக்கொள்வதில் அந்தப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பெருமையாம். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம். சரி, என்னதான் பாடுறான்கள் கேட்போம் என்று அதே கடையில் மூன்று கேசட் வாங்கினேன்.

கேட்டதும் பிடித்துப்போனது. இதை மறைக்க வேண்டியதில்லை. எங்க நைனா சாவுக்குப் பறையடிக்கிறவர். நான் குச்சியைத் தொடக்கூடாது என்று பள்ளிக்கூடத்துக்கு விரட்டினவர். “இந்தக் கழுத என்னோட போவட்டும்டா” என்பார். கை தொடாவிட்டாலும் காது விடுமா? வைக்கோல் நெருப்பில் காய்ச்சின தோலில் அடி விழும்போது வயிற்றுக்குள் ஒன்று கிளம்புமே, ராமோன்ஸ் கேட்டபோது அதுவேதான் கிளம்பியது. 1976-இல் வந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டில் 14 பாட்டு. மொத்தமும் அரைமணி நேரம்கூட வராது. கிட்டாரில் மூணு கார்டு தெரிந்தால் போதும், மேடையேறலாம். உன் குரு யார், எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்கிற காவல்காரன் வாசலில் கிடையாது.

ஆனால் பங்க் ஒரே சாமான் இல்லை. கிளை கிளையாய்ப் பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொரு கிளைக்காரனும் நான்தான் அசல் என்கிறான். எது வேகம், எது சுத்தம் என்று அவர்களுக்குள் ஓயாத சண்டை. (சுத்தம் என்ற பேச்சு எங்கே போனாலும் விடமாட்டேன் என்கிறது!) எனக்கு வேற அளவுகோல். தலைமயிரை ஈட்டி மாதிரி நட்டு, கன்னத்தில் ஊக்கு குத்திக்கொண்டவன், திங்கட்கிழமை அதையெல்லாம் கழற்றிவிட்டு வேலை கேட்டுப் போகலாம். ‘பரையா’வை அவனால் கழற்ற முடியும். கழற்ற முடியாதவன் வந்தால் இந்தக் கிளையில் அவனுக்கு என்ன இடம்? இதைத்தான் ஒவ்வொன்றிலும் பார்த்தேன்.

காதை மட்டும் கேட்டால் என் ஓட்டு ‘ஓய்’ வகைக்குத்தான். அக்கிரகாரத்தில் கூப்பிடுகிற ‘ஓய்’ இல்லை, கிழக்கு லண்டன் தெருவில் நம்ம ‘டேய்’ மாதிரி போடுகிற சத்தம். 1980 வாக்கில் பேர் வாங்கியது. அதில் பெயர் பெற்ற காக்னி ரிஜெக்ட்ஸ் குழு, நாங்கள் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, கேனிங் டவுன் பக்கத்துத் தொழிலாளிப் பிள்ளைகள். வெஸ்ட் ஹாம் கால்பந்து ரசிகர்கள் கத்துகிற பாட்டை 1980-இல் தட்டாகவே போட்டார்கள். 2016 வரைக்கும் அந்த அணியின் மைதானம் க்ரீன் ஸ்ட்ரீட் ஓரத்தில்தான் இருந்தது. அதே தெருவில்தான் நாங்கள் வெண்டைக்காயும் மீனும் வாங்குவோம். ஓய் பாட்டில் தனி ஆள் வித்தை இல்லை. கூட்டமாகச் சேர்ந்து அலறுகிறார்கள். வேலையில்லை, போலீஸ் அடிக்கிறான், முதலாளி ஏய்க்கிறான். எங்க தெருவில் வைத்துப் பாடினாலும் பொருந்தும்.

பொருந்தும் என்றுதான் நினைத்திருந்தேன், 1981 ஜூலை 3 பற்றித் தெரியும்வரை. சவுத்தால் என்பது பஞ்சாபிகள் நிறைந்த பகுதி. அங்கே 1979-இல் இனவெறிக் கட்சிக்காரன் போட்ட கூட்டத்தை எதிர்த்துத் திரண்டபோது பிளேர் பீச் என்ற ஆசிரியரின் உயிர் போயிருந்தது. அந்த ஊர் மதுக்கடை ஒன்றில் மூன்று ஓய் குழுக்களின் கச்சேரி. பஸ் பஸ்ஸாக வந்து இறங்கின மொட்டைத்தலைக் கூட்டத்தில் சிலர் ஆசியர் கடைகளை உடைத்தார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் திரண்டு வந்து மதுக்கடையைக் கொளுத்திவிட்டார்கள். பாடினவர்கள் நாங்கள் இனவெறியர்கள் இல்லை என்றார்கள். பல பேர் நிஜமாகவே இல்லைதான். ஆனால் அதே வருசம் வந்த ஓய் தொகுப்பு ஒன்றின் அட்டையில் நாஜி இயக்கத்தான் ஒருத்தன் படம். தலைப்பிலேயே நாஜி முழக்கத்தின் வாடை. தெரியாமல் நடந்துபோச்சாம். நம்ம ஊரில் குடிசை எரிந்த மறுநாள், “யாரோ வெளியாளுங்கப்பா” என்பார்களே, அந்தக் குரல்தான்.

நான் வேலை செய்த ஓட்டலில் என்னோடு அதே தொட்டியில் கை ஊற நின்ற தமிழ்ப் பையன் ஒருத்தன் இருந்தான். “நாமெல்லாம் ஒரே தொழிலாளிங்கதானே, தோழர்” என்பான். ஒரு நாள் பேச்சுவாக்கில், “ஊர்ல உங்களுக்கு எந்தத் தெரு?” என்றான். சொன்னேன். மறுநாளிலிருந்து அவன் டம்ளர் அவன் அலமாரிக்குள் போய்விட்டது. ஓய் கேசட்டைப் போடும்போதெல்லாம் அந்த டம்ளர் ஞாபகம் வருகிறது. பாட்டு இன்னும் நல்லாத்தான் இருக்கிறது.

அராஜகவாத பங்க் இதற்கு நேர் எதிர். க்ராஸ் என்ற குழு, எசெக்ஸில் ஒரு பண்ணை வீட்டில் கூட்டாக வாழ்ந்தவர்கள். கறுப்புச் சட்டை. இதற்குமேல் காசு கொடுக்காதே என்று விலையைத் தட்டின் அட்டையிலேயே அச்சடித்தார்கள். 1981-இல் ஒரு தட்டு முழுக்கப் பெண்கள் குரலில் ஆணாதிக்கத்தைக் கிழித்தார்கள். கொள்கையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் கேட்கும்போது, கூட்டம் எப்ப முடியும், டீ எப்ப வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது. வசதியை உதறிவிட்டு வந்தவர்களும் அதில் உண்டு. உதறுவதற்கு முதலில் வசதி இருக்கணும்.

அமெரிக்காவின் ஹார்ட்கோர் வேறு சங்கதி. மூச்சுவிட முடியாத வேகம். வாஷிங்டன் நகரத்து மைனர் த்ரெட் குழுவைக் குடி, சிகரெட் வேண்டாம் என்றதற்காக எனக்குப் பிடிக்கும். குடியால் அழிந்த எங்க சித்தப்பாவை நினைத்துக்கொள்வேன். ஆனால் அவர்களுடைய 1981 பாட்டு ஒன்றின் தலைப்பு, வெள்ளையனாகப் பிறந்த குற்றத்தைப் பேசுகிறது. கறுப்பர்கள் அதிகம் இருந்த பள்ளியில் படித்தவர், முன்னோர் செய்ததற்கு என்னைக் குற்றவாளி ஆக்காதே என்கிறார். இனவெறிக்கு எதிராகத்தான் எழுதினேன் என்று அவரே விளக்கியிருக்கிறார். இருக்கட்டும். “எங்க தாத்தா பண்ணதுக்கு நான் ஏன் சீட்டு விடணும்?” என்று கேட்ட வகுப்புத் தோழன்களை நமக்குத் தெரியாதா?

இதில் வேடிக்கை, அந்த வேகத்தையே அவர்கள் கற்றது கறுப்பர்களிடம். அதே ஊர் பேட் பிரெயின்ஸ், நான்கு கறுப்பு இளைஞர்கள், முன்பு ஜாஸ் கலந்து வாசித்தவர்கள். 1980-இல் வந்த அவர்களுடைய முதல் சிறுதட்டின் பாட்டு ஒன்றரை நிமிஷம்தான். 1982-இல் முதல் தொகுப்பு கேசட்டாக மட்டும் வந்தது, அட்டையில் அமெரிக்க நாடாளுமன்றக் கூரைமேல் இடி விழுகிறது. ஒருபாலின ஈர்ப்புள்ளவர்களிடம் அந்தக் காலத்தில் அவர்கள் நடந்துகொண்ட விதம் கேவலம். ஒதுக்கப்பட்டவனுக்கும் ஒதுக்கத் தெரியும்.

ஹார்ட்கோர் கூட்டத்தின் இடிதடியில் பெண்கள் பின்சுவருக்குப் போய்விட்டார்கள். 1991 வாக்கில் ரயட் கேர்ள் இயக்கம் கிளம்பி, பெண்கள் முன்னால் வரட்டும் என்று மேடையிலிருந்தே கூப்பிட்டது. ஆனாலும் முன்னால் வந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைப் பெண்கள். பதினைந்து வருசத்துக்கு முன்னாலேயே பாலி ஸ்டைரீன் பாடியாகிவிட்டது. அப்பா சோமாலியாக்காரர், பல்லில் கம்பி, எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழு. 1978 ஏப்ரல் 30, லண்டன் விக்டோரியா பூங்காவில் இனவெறி எதிர்ப்புக் கச்சேரியில் அந்தப் பொண்ணு நின்று கத்தினாள். அவளுக்குக் கழற்றி வைக்க எதுவும் இல்லை. 1994-இல் கோடிக்கணக்கில் விற்ற பாப் பங்க் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை, பஸ்ஸில் கேட்கலாம்.

2006-இல் ஊருக்குப் போனபோது பேட் பிரெயின்ஸ் கேசட்டை நைனாவுக்குப் போட்டுக் காட்டினேன். திண்ணையில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். விரல் தன்னால் கட்டில் சட்டத்தில் தட்டியது.

“யார்றா செத்தது? இந்த அடி அடிக்கிறான்” என்றார்.

அஞ்சு பாட்டு முடிந்து, மெதுவாக ரெகே ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் கேட்டார்.

“பொதைச்சிட்டானுங்க போல” என்று மறுபடியும் படுத்துக்கொண்டார்.