செஞ்சியின் நாலாவது மலை!

செஞ்சி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? தேசிங்கு ராஜா... அவனுடைய குதிரை... தெருக்கூத்து... இல்லையா? எனக்கு வெள்ளரிப் பிஞ்சு ஞாபகம் வரும். காரணம், கோட்டை அடிவாரத்தில் கூடை வைத்து வெள்ளரிப் பிஞ்சும் மோரும் விற்கிறவள் என் சொந்த அத்தை. அப்பாவின் கூடப் பிறந்தவள்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர்களோடு சம்பந்தப்பட்ட 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிராவில். மிச்சம் இருக்கும் ஒன்று நம் செஞ்சி! அவ்வளவுதான், எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் திடீரென்று சரித்திரப் பற்று பொங்கிவிட்டது. ''ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்புவோம்யா... உங்க அத்தை ஊர்தானே?'' என்று நச்சரித்து, நாலு பேர் கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை பஸ்ஸைப் பிடித்துவிட்டோம்.

திண்டிவனம் தாண்டி, செஞ்சி நெருங்க நெருங்க நிலமே வேறு மாதிரி ஆகிவிடும். யாரோ ராட்சஸக் குழந்தை விளையாடிவிட்டு அள்ளி வைக்காமல் போன மாதிரி பாறைகள்... பாறைகள்... அப்படிப் பாறை! அதற்கு நடுவே மூன்று மலைகள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூன்றையும் வளைத்து ஒரே மதில்.

அடிவாரத்தில் அத்தை உட்கார்ந்திருந்தாள். நான் வாய் திறப்பதற்குள், முன்னால் போன அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் நண்பனின் கையை எட்டிப் பிடித்துக் கொண்டாள்.

''வா ராசா... இப்பதான் வழி தெரிஞ்சுதா? இன்னாப்பா இப்டி எளைச்சுப் பூட்ட!''

நண்பனின் எடை 92 கிலோ. பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் இரண்டு பேராக உட்கார்ந்து வந்தோம். கூட வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ''அத்தை, நான் இங்க இருக்கேன்'' என்றேன். அத்தை ஒரு விநாடி திகைத்து, குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிச் சமாளித்தாள்.

''வெயிலு கண்ணைக் கூசுது நைனா...''

சரித்தான் என்று விட்டிருப்பேன். ஆனால் அடுத்ததாக ஒரு கல்லூரிப் பையன் வந்தான். இருபது ரூபாய்க்கு வெள்ளரிப் பிஞ்சு வாங்கினான். அத்தை நோட்டை விரலால் தடவியபடியே, ''எவ்ளோ நோட்டுப்பா?'' என்று கேட்டாள். ''அம்பது'' என்றான். அத்தை முப்பது ரூபாய் எண்ணிக் கொடுத்தாள். அவள் கையில் இருந்தது இருபது ரூபாய் நோட்டு!

''டேய்...'' என்று நான் கத்தினேன். பையன் மின்னலாய் மறைந்துவிட்டான்.

''வுடு. எல்லாரும் அப்டி இல்ல. பாதிப் பேரு சரியாத்தான் சொல்றாங்க'' என்றாள் அத்தை, சாதாரணமாக.

பாதிப் பேர்!

''உனக்குக் கண்ணு தெரியலையா அத்தை? அதோ ராஜகிரி... அது தெரியுதா?''

''மல எங்க போவும்? அங்கதான் கெடக்கும்!''

*

கோட்டை ஏறினோம். கல்யாண மஹால், களஞ்சியங்கள், உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் வாயைப் பிளந்து நிற்கிற பாறைப் பிளவு, அதன்மேல் சின்னதாக ஒரு பாலம், உச்சியில் ரங்கநாதர் கோயில். நண்பர்கள் செல்ஃபி எடுத்துத் தள்ளினார்கள். எனக்கு மட்டும் மனசு அடிவாரத்திலேயே நின்றுவிட்டது.

அத்தையின் பிள்ளை திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. நான் வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கல் சமயத்தில் வந்து புடவையும் பணமும் கொடுத்துவிட்டு, அரை மணி நேரத்தில் பஸ் ஏறிவிடுகிற ஆசாமி. 'அத்தையைப் பார்த்துவிட்டு வந்தேன்' என்று வீட்டில் சொல்வேன். பார்த்தேனா? பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே!

இறங்கி வந்ததும் பேச்சை ஆரம்பித்தேன். இங்கேதான் ஒரு சின்ன சரித்திரம் சொல்ல வேண்டும்.

1677-ல் சிவாஜி பிடித்து பலப்படுத்திய கோட்டை இது. அப்புறம் ஔரங்கசீப்பின் படை 1690-ல் வந்து முற்றுகை போட்டு, உள்ளே நுழைய 1698 வரை ஆனது. முழுசாக ஏழெட்டு வருஷம்! என் அத்தையும் செஞ்சிக்காரிதானே? அவளிடமும் மூன்று மலைகள் இருந்தன.

முதல் மலை, பயம். அவள் சின்ன வயசில் பக்கத்து வீட்டுக் கிழவிக்குப் புரை ஆபரேஷன் நடந்ததாம். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, அசையக்கூடாது என்று நாள்கணக்காகப் படுக்க வைத்திருந்தார்களாம். அப்புறம் ஆயுசு முழுக்க சோடாபுட்டிக் கண்ணாடி. ''கண்ணுல கத்தி வெப்பாங்களாமே... வாணாம் சாமி! அது இன்னும் முத்தட்டும், பாத்துக்கலாம்.''

இரண்டாவது மலை, வியாபாரம். ''பத்து நாளு குந்தினா எடத்தை வேற ஆளு புடிச்சுக்குவான்.''

மூன்றாவதுதான் ராஜகிரி. உயரமானது. நான் ரொம்ப நேரம் வற்புறுத்தின பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

''கூட வர்றதுக்கு ஆளு வோணுமில்ல... புள்ளை லீவு போட்டா சம்பளம் புடிப்பான். உன்னைக் கூப்ட்டா உனக்கு ஆபீஸு. யாரை இம்சை பண்றது?''

எனக்கு சுருக்கென்றது. என்னை அவள் கூப்பிடவே இல்லை, நான் வரமாட்டேன் என்று அவளே தீர்ப்பு எழுதிவிட்டாள். அந்தத் தீர்ப்பு தப்பு என்று சொல்ல என்னிடம் ஒரு சாட்சிகூட இல்லை.

பக்கத்து இளநீர்க்காரரிடம் என் நம்பரைக் கொடுத்துவிட்டு, தோற்றுப் போய் பஸ் ஏறினேன்.

*

மூன்று வாரம் கழித்து இளநீர்க்காரர் போன் பண்ணினார். ''சார், ஆட்டோல மைக்கு கட்டிச் சொல்லிக்கினு போறாங்க. ஞாயித்துக்கெழமை இலவசக் கண் முகாமாம். பாண்டிச்சேரி அரவிந்த் ஆஸ்பத்திரிலேர்ந்து வர்றாங்களாம். பெரியம்மாவைப் பெயர்க்கணும்னா நீங்கதான் வரணும்.''

வந்தேன். ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். கூட்டம் சந்தை மாதிரி இருந்ததே தவிர, சத்தம் சந்தை மாதிரி இல்லை. முதலில் பெயர் பதிவு. அப்புறம் தூரத்தில் அட்டையைக் காட்டிப் பார்வைச் சோதனை. கண் அழுத்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை. கண்ணீர்ப் பாதை அடைத்திருக்கிறதா என்று கண்ணோரத்தில் உப்புத் தண்ணீர் செலுத்தி, ''தொண்டைல கரிக்குதா பாட்டி?'' என்று கேட்கிறார்கள். கரித்தால் பாதை சுத்தம்!

வேலை செய்தவர்களில் முக்கால்வாசி இருபது வயசுப் பெண்கள். கிராமங்களில் ப்ளஸ் டூ முடித்த பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்துத் தயார் பண்ணுகிறார்களாம். அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெண் அவளை 'அம்மா' என்றே கூப்பிட்டாள். மூன்று மலைகளையும் அந்தப் பெண் தகர்த்த விதத்தைப் பார்த்து நான் அசந்து போனேன்.

''மணல் மூட்டை எல்லாம் அந்தக் காலம்மா. அப்ப உள்ள இருக்கற லென்ஸை எடுத்துடுவாங்க, பதிலுக்கு ஒண்ணும் வெக்க மாட்டாங்க. அதான் சோடாபுட்டி. இப்ப உள்ளயே புது லென்ஸ் வெச்சுடுவாங்க. முத்தற வரைக்கும் காத்திருக்க வேணாம். ரொம்ப முத்தினாதான் ஆபத்து.''

''எத்தினி நாளு?''

''இன்னிக்கு பஸ்ல கூட்டிட்டுப் போறோம். நாளைக்கு ஆபரேஷன். மறுநாள் கட்டுப் பிரிச்சு நாங்களே திருப்பிக் கொண்டாந்து விட்டுடுவோம். சாப்பாடு, லென்ஸ், மருந்து, பஸ் எல்லாம் ஃப்ரீ.''

''கூட ஆளு...?''

''ஆளே வேணாம்மா! உங்க ஊர்க்காரங்க அத்தனை பேரும் ஒரே பஸ்ல வர்றாங்க. நாங்க எதுக்கு இருக்கோம்?''

அத்தை சரணடைந்தாள். இதில் ஒரு பொருத்தம் பாருங்கள். மொகலாயர்கள் ஏழெட்டு வருஷம் போராடிய அதே கோட்டையை, 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே ராத்திரியில் பிடித்தார்கள். அவர்களும் பாண்டிச்சேரியிலிருந்து வந்தவர்கள்தான்!

*

ஆள் வேண்டாம் என்றார்கள். ஆனாலும் நான் லீவு போட்டேன். பாண்டியிலிருந்து கடலூர் போகிற சாலையில், தவளக்குப்பத்தில் இருக்கிறது ஆஸ்பத்திரி. 2003-ல் வந்தது. தாய்வீடு மதுரை.

அதை ஆரம்பித்த டாக்டர் கோ. வெங்கடசாமியின் கதையை உங்களில் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். வாலிப வயசில் முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போன மனிதர். அந்த விரல்களுக்கே கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்து, ஒரு லட்சத்துக்கும் மேல் கண் ஆபரேஷன் செய்தார். அரசு வேலையில் ரிடையர் ஆகி, மற்றவர்கள் ஈஸிசேர் தேடுகிற 58-வது வயசில், 1976-ல், பதினோரு படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கொடுக்க முடிந்தவர்கள் கொடுப்பார்கள். அதில் மிஞ்சுவதை வைத்து, முடியாதவர்களுக்கு இலவசம்.

வெளிநாட்டு லென்ஸ் ஆயிரக்கணக்கில் விலை விற்ற காலம் ஒன்று உண்டு. 'நாமே செய்தால் என்ன?' என்று 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற லென்ஸ் தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். விலை மளமளவென்று இறங்கியது. இன்று நூறுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு இங்கிருந்து லென்ஸ் போகிறது. டாக்டர் 2006-ல் காலமாகிவிட்டார். என் அத்தைக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. அவள் கண்ணுக்குள் அவர் நடத்திய கணக்கு உட்கார்ந்திருக்கிறது.

காத்திருந்த நேரத்தில் எனக்கும் ஒரு சோதனை நடந்தது. ''நீங்க எப்ப சார் கண்ணு டெஸ்ட் பண்ணினீங்க?'' என்று கேட்டாள் ஒரு பெண். ''எனக்கென்ன, கழுகுக் கண்ணு!'' என்றேன். அட்டையின் கடைசி இரண்டு வரி எறும்பு ஊர்கிற மாதிரி தெரிந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டர் திரைதான் மங்கல் என்று இரண்டு தடவை புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன்! கழுகுக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் அத்தை ஒற்றைக் கண்ணில் கட்டோடு வந்தாள். ''எப்படி இருந்துச்சு?'' என்றேன்.

''ஊசி போட்டாங்க. அப்றம் வெளிச்சம் மட்டும் தெரிஞ்சுது. பக்கத்து டேபிள்ல அடுத்த ஆளு ரெடியாப் படுத்திருந்திச்சு. டாக்டரு இங்க முடிச்சு அங்க திரும்பிட்டாரு. ஒரு பொடவை மடிக்கிற நேரங்கூட ஆவலப்பா!''

மறுநாள் காலை கட்டுப் பிரித்தார்கள். வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள் செஞ்சிக்காரர்கள். கண்ணைத் துடைத்துவிட்டு, விரலைக் காட்டி ''எத்தனை?'' என்று கேட்டுக்கொண்டே வந்தாள் நர்ஸ். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் பதில் சொல்லாமல் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை நிஜமாகவே பார்த்தாள். ரொம்ப நேரம். எனக்குத் தொண்டை அடைத்தது.

''இன்னாடா... தலையில பாதி மயிரைக் காணோம்?!''

ஹால் முழுக்க சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கணக்குப் போட்டேன். முடி கொட்ட ஆரம்பித்து நாலு வருஷம். அப்படியென்றால் நாலு வருஷமாக அவள் என்னைப் பார்க்கவில்லை. மூன்று வயசு ஆகிற என் பெண்ணை அவள் மடியில் வைத்துக் கொஞ்சியிருக்கிறாள், முகம் தெரியாமலே!

பர்ஸிலிருந்து போட்டோவை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டு போனாள். ''துடைக்காதீங்கம்மா!'' என்று நர்ஸ் ஓடி வந்தாள்.

*

தலைக்குக் குளிக்காதே, அடுப்புப் புகையில் நிற்காதே, பாரம் தூக்காதே என்று ஏகப்பட்ட 'காதே'க்கள். மருந்துச் சொட்டு, கறுப்புக் கண்ணாடி, ஒரு மாசத்தில் மறுபரிசோதனை. அத்தனை நாளும் அத்தையின் இடத்தைப் பிடிக்க ஒருத்தனும் வரவில்லை. இளநீர்க்காரர் தன் சைக்கிளை அங்கே நிறுத்தி வைத்திருந்தார்!

போன மாசம் மறுபடி போனேன், தனியாக. அத்தை தூரத்திலேயே பார்த்துவிட்டு, ''கண்ணாடி நல்லாத்தான் கீது. ராஜா மாதிரி கீற!'' என்று கத்தினாள். ஒரு கட்டு வெள்ளரிப் பிஞ்சு வாங்கி, வேண்டுமென்றே ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டி, ''நூறு!'' என்றேன்.

அத்தை நோட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

''அம்பதுதான் இது. அதுவும் ஓரத்துல கிழிஞ்சிருக்கு. வேற நோட்டு குடு!''