கரமடியின் கண்

இராஜாக்கமங்கலம் துறையில் கரமடித் தொழில் ஒருவரின் பார்வையில்தான் தொடங்குகிறது. மணல்மேட்டில் நிற்பவர் மீன் கூட்டத்தைக் கண்டு சொன்ன பிறகே வள்ளம் இறங்கும். கயிற்றின் ஒரு முனை கரையில் நிற்க, வள்ளம் வலையை அரைவட்டமாக விரித்துவிட்டு மறுமுனையோடு திரும்பும். இரு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். பார்த்தவர் கணிப்பு தவறினால் அத்தனை பேரின் பாடும் வீண்.

நான் போன காலையில் மேட்டில் நின்றவர் வயதான கடலோடி. எனக்குக் கடலின் நீலம் மட்டுமே தெரிந்தது.

"மீனத் தேடாத மக்களே. தண்ணி எங்க மாறிக் கெடக்குன்னு பாரு."

அவர் கை நீட்டிய திசையில் லேசான கருமை தெரிந்தது.

"மேக நெழலா பாட்டா?"

"நெழலுன்னா மேகத்தோட நகந்து போயிரும். இது நின்னுல்லா கெடக்கு."

சாளைக் கூட்டம் நீரைக் கருக்க வைக்கும். நெத்திலி மேலே வந்தால் தூறல் விழுந்தது போல நீர் சிலிர்க்கும். ஓரிடத்தையே சுற்றிப் பாயும் பறவைகளும் சாட்சி சொல்லும். வள்ளம் போனதும் பெரியவர் தோளில் கிடந்த துண்டை வீசி வள்ளத்தைக் கிழக்கே திருப்பினார். கடலில் இருப்பவர்களுக்குத் தெரியாத கூட்டம் கரையில் நிற்பவருக்குத் தெரிகிறது. தாழ்ந்த கோணத்தில் பார்த்தால் நீர்ப்பரப்பு வானத்தையே பிரதிபலிக்கும். மேட்டில் ஏறினால் பார்வை நீருக்குள் இறங்கும். பிற்பகலில் மேற்கு வெயில் கண்ணில் அடிப்பதால் காலை நேரத்துக்கே மதிப்பு.

இங்கிலாந்தின் கார்ன்வால் கரையிலும் சாளை இன மீன்களுக்காகக் குன்றின்மேல் காவலர்கள் நின்று, குரல் கொடுத்தும் கையசைத்தும் படகுகளுக்கு வழிகாட்டினார்கள். நியூக்கீயில் அவர்கள் நின்ற சிறு கட்டடம் இன்றும் இருக்கிறது. நம் கரையிலோ அந்தத் தொழில் இன்னும் உயிரோடிருக்கிறது. ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் தரும் கடல் வெப்பத்தையும் பச்சையத்தையும் கொண்டு மீன் கிடைக்கக்கூடிய பரப்புகளை அறிவிக்கிறது. ஆழ்கடல் போகிறவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் கரையோரம் இந்த நொடியில் வந்து நிற்கும் கூட்டத்தைக் காட்ட மனிதக் கண்தான் வேண்டும்.

அந்தக் கண்ணை யார் காக்கிறார்கள்? பெரியவரின் வலக்கண்ணில், மூக்கோரத்திலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளர்ந்திருந்தது. ஆண்டுக்கணக்கில் வெயிலின் புற ஊதாக் கதிரும் காற்றும் மணலும் படுகிறவர்களுக்கு இது அதிகம் வரும். கருவிழியின் நடுவை மூடினால் பார்வை மங்கும். கண்புரை வரும் வாய்ப்பையும் வெயில் கூட்டுகிறது.

விளிம்புள்ள தொப்பியும், நீர்ப்பரப்பின் கூச்சத்தை வடித்துப் புற ஊதாக் கதிரையும் தடுக்கும் போலராய்டு கண்ணாடியும் பெரிய செலவல்ல. அந்தக் கண்ணாடி கண்ணையும் காக்கும், மீனையும் தெளிவாகக் காட்டும். வலைக்கும் வள்ளத்துக்கும் மானியம் கேட்கும் நாம், இதையும் மீன்பிடிக் கருவியாகவே சேர்த்துக் கேட்க வேண்டும். கண் பரிசோதனை முகாம் ஆண்டுதோறும் துறைக்கே வர வேண்டும். கடலைப் படிக்கத் தெரிந்தவரின் பார்வை மங்குமுன், பக்கத்தில் நின்று கற்க ஓர் இளைஞருக்கும் பங்கு ஒதுக்க வேண்டும்.

இந்த அறிவு எந்த ஏட்டிலும் முழுதாக இல்லை. பார்ப்பவரோடு நின்று பார்த்துத்தான் கைமாறும்.